ஒரு அடி எங்க போச்சு? சித்திரை கடலும் கார்த்திகை கடலும்

காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்து கடைசியில அந்த மஞ்ச போர்ட எல்லாரும் பாத்திருப்பீங்க, ஊர் பேருக்கு கீழ கடல் மட்டத்துக்கு மேல இத்தினி மீட்டர்னு சின்னதா எழுதியிருக்கும். இருபது வருஷமா வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் சர்வே வேலைதான் எனக்கு, அந்த போர்ட ஆயிரம் தடவ பாத்திருப்பேன், ஆனா "எந்த கடல், எந்த மாசத்து கடல்"னு ஒரு தடவ கூட கேட்டதில்ல. கேக்க வெச்சது ஒரு பில் தகராறு. அந்த கேஸத்தான் முழுசா எழுதறேன், இதே குழியில வேற யாராவது விழாம இருக்கட்டும்.

2022 ஏப்ரல். ராணிப்பேட்டை பக்கத்து கான்ட்ராக்டர் ஒருத்தருக்கு சென்னைக்கு தெக்க கடலோரமா ஒரு வேலை கிடைச்சுது, மீன் இறக்கற எடத்துல சிமென்ட் தளம், ஐஸ் உடைக்கிற மேடை, கழுவுற தண்ணி கடலுக்கு போக ஒரு கால்வா. "தம்பி, நீயே வந்து லெவல் போட்டுக்குடு, வெளியாள் வேணாம்"ன்னாரு. போனேன். தளத்தோட உயரத்த கடல் சராசரி மட்டத்துலர்ந்து இத்தினினு பிளான்ல போட்டிருந்தாங்க. நியாயமா இன்னா பண்ணணும், கிட்ட இருக்கிற சர்வே ஆஃப் இந்தியா பென்ச் மார்க்குலர்ந்து, அதாவது உயரத்த அளந்து குறிச்சு வெச்ச கல்லுலர்ந்து, லெவல கொண்டாந்திருக்கணும். அது ஆறு ஏழு கிலோமீட்டர் தள்ளி, நடுவுல ஈசிஆர் டிராஃபிக், ஸ்டாஃப் (அளவு போட்ட நீளக் கோல்) புடிக்க கூட ஒரு பையன்தான். கான்ட்ராக்டர் அண்ணன் சிரிச்சாரு, "கடலே கண்ணு முன்னாடி இருக்குது, கடல் மட்டத்த தேடி ஏன்டா ரோட்டு மேல ஓடற?" எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. படக்கூடாது, ஆனா பட்டுச்சு.

அலை தடுப்பு கல்லு கட்டுக்கு உள்பக்கம் பழைய ஜெட்டி தூண் ஒண்ணு நிக்குது. அதுல ஸ்டாஃப கட்டி நாலு நாள், ஏத்தம் இறக்கம் ரெண்டுத்தையும் குறிச்சு நடு எடுத்தோம். சென்னை பக்கம் அமாவாச பௌர்ணமிக்கு ஓதம் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும், அஷ்டமி நவமி பக்கம் அதுல பாதி கூட இருக்காது, ஆனா நடு மட்டம் பெருசா மாறாது, அதனால நாலு நாள் போதும்னு நெனச்சேன். நடுக்கோட்டுக்கு செவப்பு பெயிண்ட் அடிச்சு அத சுழியம்னு வெச்சுகினு எல்லா ஆர்.எல்.லும் (சுழியத்துலர்ந்து கணக்கு போட்ட உயரம்) அதுலர்ந்து போட்டுக்குடுத்துட்டு ஊருக்கு வந்துட்டேன்.

நவம்பர் கடைசி வாரம் போன். "நீ போட்ட கால்வாயில கடல் தண்ணி உள்ள வருது, தளத்து ஓரம் வரைக்கும் நனையுது, உன் லெவல் தப்பு." பஸ் புடிச்சு ஓடினேன். மழை விட்டு ரெண்டு நாள் ஆயிருந்துது, கடல் கொந்தளிப்பு எதுவும் இல்ல. அதே தூண், அதே ஸ்டாஃப், திரும்ப நாலு நாள் உக்காந்து பாத்தோம். நடு மட்டம் என்னோட செவப்பு கோட்டுக்கு மேல கிட்டத்தட்ட ஒரு அடி நிக்குது. இஞ்சினியர் ஒருத்தர் வந்து பாத்துட்டு "ஆட்டோ லெவல் கருவியில பாத்ததுதானா, இல்ல வெறுங்கண்ணால பாத்து போட்டதா"ன்னு கேட்டாரு. பில்லு பாதியில நின்னுச்சு.

மொதல்ல நான் சந்தேகப்பட்டது என்னையத்தான். கருவி பார்வை மட்டமா இருக்குதான்னு ரெண்டு முளை அடிச்சு பாக்கற டெஸ்ட் போட்டு பாத்தேன், சரியா இருக்குது. தூண் அமுங்கிடுச்சான்னு கரையில இருந்த கோயில் படியிலர்ந்து திரும்ப லெவல் கொண்டாந்தேன், ஏப்ரல்ல எடுத்த அதே வித்தியாசம், ரெண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி. அப்போ கருவியும் தப்பில்ல, தூணும் நகரல. நகந்தது கடல்தான்.

கூட வந்த பையன் உடனே சொன்னான், "அண்ணா, பாலாத்துல போன வருஷம் வந்துச்சே அந்த மாதிரி வெள்ளம், அது கடல்ல வந்து விழுந்தா கடல் ஏறாதா?" 2021 நவம்பர் வெள்ளத்த வேலூர்காரன் எவனும் மறக்கமாட்டான், மணல் மட்டும் ஓடற ஆத்துல ஒரு லட்சம் கன அடிக்கு மேல தண்ணி போச்சு, 1903க்கு அப்புறம் இப்படி வரலன்னு பெரியவங்க பேசிக்கினாங்க. சரி கணக்கு போடலாமேன்னு போட்டேன். ஒரு லட்சம் கன அடின்னா செகண்டுக்கு சுமார் 2,830 கன மீட்டர். நாள் முழுக்க அப்படியே ஓடினா கால் கன கிலோமீட்டர் கிட்ட வரும். அத 100 கிலோமீட்டர் நீளம் 100 கிலோமீட்டர் அகலம் கடல்ல கொட்டி அசையாம நிக்க வெச்சா ரெண்டரை சென்டிமீட்டர். நிக்கவும் நிக்காது, விழுந்த நிமிஷமே பரவி போயிடும். நான் அளந்த 2022 நவம்பர்ல அந்த அளவு வெள்ளமும் இல்ல. பாலாறு நிரபராதி.

காத்து அழுத்தமா இருக்குமோ? அழுத்தம் ஒரு மில்லிபார் கொறஞ்சா கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறும், இது தெரிஞ்ச கணக்குதான், புயல் வரும்போது கடல் வீங்கறதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனா நம்ம பக்கம் ஏப்ரல்லயும் நவம்பர்லயும் சராசரி அழுத்தம் ரெண்டு மூணு மில்லிபார்தான் வித்தியாசப்படும், அதுவும் எதிர் திசையில, நவம்பர்லதான் கொஞ்சம் அதிகம். அதாவது அழுத்தத்த மட்டும் கேட்டா நவம்பர் கடல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கணும்னு சொல்லும்.

சூடு? இதுதான் எனக்கு ரொம்ப குழப்பம். தண்ணி சூடானா விரியும், சித்திரையில வேலூர்ல ரோடு தாரே இளகி ஓடுது, கடல் மேல்தண்ணியும் அப்போ முப்பது டிகிரி கிட்ட இருக்குது. அப்போ ஏப்ரல்லதான கடல் ஒசந்து நிக்கணும்? தலகீழா இருக்குது.

விஷயத்துக்கு நுனி கிடைச்சது அந்த ஜெட்டியில வலை பின்னிகினு இருந்த ஒரு பெரியவர்கிட்ட. என் செவப்பு கோட்ட பாத்து சிரிச்சுட்டு சொன்னாரு, "சித்திரையில கோடு போட்டியா தம்பி? சித்திரையில கடல் உள்வாங்கி நிக்கும்பா. ஐப்பசி கார்த்திகையில ஏறி வரும். வருஷா வருஷம் இதான." நான் சும்மா பேச்சுக்கு "ஏன் பெரியவரே"ன்னு கேட்டேன், அதுக்கு அவரு ஏன்னு சொல்லல, வேற ஒண்ண சொன்னாரு. "அப்போ வலை உட்டா வடக்க இழுத்துகினு போவும். இப்போ உட்டா தெக்க இழுக்குது." ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு நூல பல்லால கடிச்சாரு. மட்டம் எறங்கறதும் தண்ணி வடக்க ஓடறதும் ஒரே சீசன், மட்டம் ஏறறதும் தெக்க ஓடறதும் ஒரே சீசன். எனக்கு அன்னிக்கு அது உறைக்கல, பஸ்ல திரும்பி வரும்போது வாலாஜா டோல்கேட் தாண்டினப்புறம்தான் உறைச்சுது.

எங்க அக்கா பையன் சென்னையில கடலியல் படிக்கிறான். ராத்திரி போன் போட்டு எல்லாத்தையும் கொட்டினேன். முழுசா கேட்டுட்டு ஒரே வரியில சொன்னான், "மாமா, நீங்க லெவல் எடுக்கல, கரண்ட் எடுத்துட்டு வந்திருக்கீங்க."

கரண்ட்னா மின்சாரம் இல்ல, கடல் நீரோட்டம். அவன் சொன்னத என் பாஷையில சொல்றேன். நம்ம கரைக்கு வெளிய, வங்காள விரிகுடாவோட மேற்கு ஓரத்த ஒட்டி ஒரு பெரிய நீரோட்டம் ஓடுது, கிழக்கிந்திய கரையோர நீரோட்டம்னு பேரு. மாசி பங்குனியில வடக்க பாத்து வேகமா ஓடும், ஐப்பசியிலர்ந்து மார்கழி வரைக்கும் தெக்க பாத்து ஓடும். ஒலகத்துல பெரிய கரையோர நீரோட்டம் பெரும்பாலும் ஒரே பக்கம் ஓடிகினு இருக்கும்போது இது வருஷத்துக்கு ரெண்டு தடவ திரும்பிப் படுக்குது. கோவாவுல இருக்கிற தேசிய கடலியல் நிறுவனத்து ஆளுங்க 1991ல மார்ச் ஏப்ரல்ல கப்பல்ல போய் அளந்தப்போ வடக்க போற அந்த ஓட்டம் செகண்டுக்கு சுமார் ஒரு கோடி கன மீட்டர் வந்துச்சு. நம்ம 2021 பாலாத்து வெள்ளம் 2,830. மூவாயிரத்துக்கு மேல பாலாறு பக்கத்து பக்கத்துல ஓடினா எப்படியோ, அப்படி ஒண்ணு மெட்ராஸுக்கு வெளிய ஓடிகினு இருக்குது, நாம பீச்ல சுண்டல் சாப்டுகினு ஒண்ணும் தெரியாம அலைய மட்டும் பாத்துட்டு வரோம்.

இப்போ ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் இன்னா சம்பந்தம்? பூமி சுத்துறதால, நம்ம வடகோளத்துல ஓடற எதையும் அது போற திசைக்கு வலது கைப்பக்கம் தள்ளும், கோரியாலிஸ் விசைனு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. வேலூர்ல பாகாயம் பஸ்ல தண்ணி கொடத்தோட ஏறினவங்களுக்கு பாதி புரிஞ்சிருக்கும், கிரீன் சர்க்கிள்ல பஸ் வளையும்போது கொடத்து தண்ணி ஒரு ஓரமா ஏறி நிக்கும். அது வேற விசை, ஆனா தண்ணி சாய்ஞ்சு நிக்கிறது அப்படித்தான். தண்ணி வலது பக்கம் தள்ளப்பட்டு அங்க குவியும், குவிஞ்ச மேடு திரும்ப இடது பக்கம் சரிய பாக்கும், ரெண்டும் சமமாகற எடத்துல தண்ணி எந்த பக்கமும் விழாம நேரா ஓடும். ஓட்டம் இருக்கிற வரைக்கும் சாய்மானம் இருக்கும்.

இங்கதான் ஒரு சர்வேயருக்கு புத்தி தெளியணும். பாலாத்துல தண்ணி மேட்டுலர்ந்து பள்ளத்துக்கு போவும், கான்டூர் கோட்ட (ஒரே உயரத்து எடங்கள சேக்கற கோடு) வெட்டிகினு போவும், அதான் நமக்கு பழக்கம், நாம கால்வா போடறதே அந்த நம்பிக்கையிலதான். கடல்ல பெரிய ஓட்டம் கான்டூர வெட்டாது, கான்டூர் மேலயே நடக்கும். ஜவ்வாது மலைய சுத்தி ஒரே உயரத்துல ஆடு மேய்க்கறவன் நடந்துகினே இருக்கிற மாதிரி, ஒரு கையில மேடு, ஒரு கையில பள்ளம். வலது கையிலதான் எப்பவும் மேடு.

இப்போ நம்ம கரையில வெச்சு பாருங்க. மாசி பங்குனி சித்திரையில ஓட்டம் வடக்க போவுது. வடக்க பாத்து நின்னா வலது கை ஆழக்கடல், இடது கை மெட்ராஸ். மேடு வெளிய, பள்ளம் நம்ம கரையில, கடல் "உள்வாங்கி" நிக்குது. ஐப்பசி கார்த்திகையில ஓட்டம் தெக்க திரும்புது. தெக்க பாத்து நின்னா வலது கை மெட்ராஸ், மேடு கரைக்கு வந்துடுச்சு. பெரியவர் ஒரே மூச்சுல சொன்ன ரெண்டு வாக்கியமும் ஒரே விஷயம்தான்.

எவ்ளோ சாயும்? கணக்கு ஒண்ணும் பெருசில்ல. பூமி சுத்தற வேகம் செகண்டுக்கு 0.0000729 ரேடியன், அத ரெண்டால பெருக்கி, அட்சரேகையோட சைன் மதிப்பால பெருக்கணும். மெட்ராஸும் வேலூரும் ஏறக்குறைய ஒரே 13 டிகிரிதான், அதனால காட்பாடியில உக்காந்து போட்டாலும் அதே நம்பர், 0.0000328. அத ஓட்டத்தோட வேகத்தால பெருக்கி புவியீர்ப்பு 9.8ஆல வகுத்தா சாய்மானம். செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகம்னா கிலோமீட்டருக்கு 3.3 மில்லிமீட்டர், அதாவது மூணு லட்சத்துக்கு ஒண்ணு. சாதாரண லெவலிங்ல நாம ஒரு கிலோமீட்டருக்கு விட்டுக்குடுக்கற பிழையே இத விட அதிகம். போட்ல போறவனுக்கு சத்தியமா தெரியாது. ஆனா 100 கிலோமீட்டர் அகலத்துக்கு கூட்டினா 33 சென்டிமீட்டர், ஒரு அடிக்கு மேல.

ஒரு மீட்டர் வேகம் ஓட்டத்தோட நடு முதுகுலதான் இருக்கும், அகலம் முழுக்க இருக்காது. சராசரி அரை மீட்டர்னு வெச்சா வடக்க ஓடும்போது கரை 17 சென்டிமீட்டர் கீழ, தெக்க ஓடும்போது 17 மேல, மொத்தம் 34. என்னோட ஒரு அடி! பேப்பர வெச்சுட்டு எழுந்து நின்னுட்டேன். அப்புறம் உக்காந்தேன், ஏன்னா கணக்கு இவ்ளோ அழகா மூடிச்சுன்னா சர்வேயர் சந்தேகப்படணும், அளந்துகினே சுத்தி வந்து ஆரம்பிச்ச எடத்துலயே கணக்கு மூடற டிராவர்ஸ் எல்லாம் சரியான டிராவர்ஸ் இல்ல. வெளிப்பக்கத்து கடல் மட்டமும் வருஷம் முழுக்க ஒரே எடத்துல நிக்காது, அதுவும் ஏறி இறங்குது, உப்பும் ஒரு பங்கு எடுத்துக்குது. அளவு சரியான வீட்டுலதான் இருக்குது, அவ்ளோதான் சொல்லலாம்.

உப்பு விஷயம் தனியா சொல்லணும். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் ஆடி ஆவணி புரட்டாசியில கொட்டற நல்ல தண்ணி விரிகுடாவோட மேல்தட்டுல மெதக்கும். ஐப்பசியில ஓட்டம் தெக்க திரும்பும்போது அந்த உப்பு கம்மியான தண்ணிய கரைய ஒட்டி நம்ம பக்கம் இழுத்துகினு வரும். உப்பு கம்மின்னா லேசு, லேசான தண்ணி அதே எடைக்கு கொஞ்சம் ஒசரமா நிக்கணும். ஒரு பாலாறு கடல ஏத்தாது, ஆனா வடக்கத்தி ஆறு எல்லாம் சேர்ந்தா நம்ம கரையில தெரியுது. பையன் சொன்னது முழுசா தப்புன்னு சொல்ல முடியாது, ஆறு மட்டும்தான் மாறிப் போச்சு.

சூடு குழப்பமும் இங்கயே தீருது. மேல்தண்ணி சூடா இருந்தாலும் அது எத்தினி மீட்டர் ஆழத்துக்கு சூடுங்கறதுதான் கேள்வி. மேல சூட்டு தட்டு, கீழ குளிர் தண்ணி, நடுவுல ஒரு எல்லை. மேல கடல் எந்த பக்கம் சாயுதோ அதுக்கு நேர் எதிரா இந்த எல்லை கீழ சாயும், அதுவும் பல மடங்கா, மேல ஒரு சென்டிமீட்டருக்கு கீழ ரெண்டு மூணு மீட்டர். சித்திரையில கரையோரம் கடல் ஒரு சாண் எறங்கினா அடியில குளிர் தண்ணி அம்பது மீட்டர் கூட மேல வந்திருக்கும். அடுப்பு எரிஞ்சாலும் பாத்திரத்துல சூடு தண்ணி கொஞ்சம்தான்னு வெச்சுக்கோங்க. கார்த்திகையில கரையோரம் அந்த சூட்டு தட்டு ஆழமா, தடிமனா இருக்கும். மேல கை வெச்சு பாத்து கடல் சூட்ட சொல்ல முடியாது.

இதெல்லாம் என் ஒரு தூண் கதைதானா, இல்ல எல்லா வருஷமும் இப்படியான்னு பாக்கணுமே. இங்கிலாந்துல லிவர்பூல்ல 1933லர்ந்து ஒலகத்து டைட் கேஜ் (கடல் மட்டத்த அளக்கற கருவி) மாச சராசரிய எல்லாம் சேத்து வெக்கறாங்க, சென்னை கேஜும் அதுல இருக்குது, நடுவுல நெறைய ஓட்டை, ஆனாலும் பரவால்ல. அக்கா பையன் எறக்கி வரஞ்சு அனுப்பினான். மார்ச் ஏப்ரல்ல பள்ளம், அக்டோபர் நவம்பர்ல மேடு, ஒட்டகத்து முதுகு மாதிரி வருஷா வருஷம். எல்லா வருஷமும் ஒரே ஒசரம் இல்ல, ஆனா மாசம் பெருசா தப்பறதில்ல. 1993லர்ந்து முப்பது வருஷத்துல ஒலகக் கடல் சராசரியா ஏறினது சுமார் 10 சென்டிமீட்டர்னு சேட்டிலைட் சொல்லுது, நம்ம கரையில ஒவ்வொரு வருஷமும் ஆறேழு மாசத்துல அத மாதிரி மூணு மடங்கு ஏறி திரும்ப எறங்கிடுது. அதனால ஒலகக் கடல் ஏறறது சின்ன விஷயம்னு சொல்லல, சீசன் எறங்கிடும், அது எறங்காது.

இந்த கணக்க கண்டுபுடிச்சவன் நான் இல்லன்னு சொல்லத் தேவையில்ல. அமெரிக்கா கிழக்கு கரையில கல்ஃப் ஸ்ட்ரீம் வடக்க ஓடுது, நம்ம சித்திரை கதைதான், ஆனா வருஷம் முழுக்க. ஓட்டத்தோட கரைப்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம். அங்க அட்சரேகை அதிகம், வேகமும் அதிகம், அதான் நம்மள விட சாய்மானம் ஜாஸ்தி. 1938லயே மாண்ட்கோமரின்னு ஒருத்தர் அந்த கரையோர கேஜ் ஏற்ற இறக்கத்த வெளிய ஓடற ஓட்டத்தோட முடிச்சு போட்டு எழுதிட்டாரு. புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவுல பழைய டெலிபோன் கேபிள் ஒண்ணு கடலடியில கெடக்குது, உப்பு தண்ணி பூமியோட காந்தப்புலத்துல ஓடும்போது அந்த கேபிள்ல சின்ன மின்னழுத்தம் வரும், அத வெச்சு 1982லர்ந்து ஓட்டத்த அளந்திருக்காங்க. பேசறதுக்கு போட்ட கம்பி, பின்னாடி கடல் பேசறத கேட்டுச்சு.

அந்த ஊர்ல நடந்த ஒண்ணு என் கேஸுக்கு அண்ணன் மாதிரி. 2009, 2010ல அட்லாண்டிக்ல சூட்டு தண்ணிய வடக்க கொண்டு போற பெரிய சுழற்சி சுமார் 30 சதவீதம் படுத்துக்கிச்சு. ஓட்டம் தளந்தா மேடு சரியும், வெளிய குவிஞ்சிருந்தது கரைக்கு வரும். நியூயார்க்குக்கு வடக்க கரையில ரெண்டு வருஷத்துல கடல் 128 மில்லிமீட்டர் ஏறி நின்னுச்சு. அதுல காத்துக்கும் பங்கு உண்டு, ஆனா புயலே இல்லாம கரையில தண்ணி. யாரோ ஒருத்தன் அங்கயும் லெவல் போட்டுக்குடுத்து திட்டு வாங்கியிருப்பான்னு நெனச்சு சிரிச்சுகினேன்.

ஜப்பான்காரன் இன்னும் கெட்டி. கியி தீபகற்பத்து முனையில குஷிமோட்டோ, உரகாமின்னு ரெண்டு ஊர், நடுவுல ஒரு முனைதான், நம்ம காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இருக்கிற தூரம் மாதிரி. ரெண்டு ஊர்லயும் டைட் கேஜ். குரோஷியோ நீரோட்டம் முனைய ஒட்டி நேரா ஓடினா ரெண்டு கேஜுக்கும் நடுவுல வித்தியாசம் பெருசா இருக்கும், ஓட்டம் வெளிய வளைஞ்சு போயிட்டா வித்தியாசம் சுருங்கி அசையாம நிக்கும். கப்பல் வேணாம், சேட்டிலைட் வேணாம், ரெண்டு தூண்ல ரெண்டு ஸ்கேல், கழிச்சா போதும். 2017 ஆகஸ்ட்ல வளைஞ்ச ஓட்டம் ஏழு வருஷத்துக்கு மேல நிமிராம கெடந்துச்சு. கரையில கெடக்கற ஸ்கேலுக்கு இவ்ளோ மரியாதைன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது.

நம்ம ஊர்லயும் சும்மா இல்ல. கல்பாக்கத்துலயும் கடலூர்லயும் ரேடார் நிக்குது, கடல் மேல ரேடியோ அலைய விட்டு ஓட்டத்த கரையிலர்ந்தே அளக்குது. 2013 பிப்ரவரியில ஸ்ரீஹரிகோட்டாலர்ந்து நம்ம பி.எஸ்.எல்.வி. தூக்கிட்டு போன சரள் சேட்டிலைட், பிரான்ஸோட சேர்ந்து செஞ்சது, கடல் ஒசரத்த சென்டிமீட்டர் கணக்குல மேலர்ந்து அளந்துச்சு. மூணு லட்சத்துக்கு ஒண்ணு சாய்மானத்த மேலர்ந்துதான் புடிக்கணும், கீழ நம்ம லெவலுக்கு கடல் மேல முளை அடிக்க எடம் ஏது.

ஒரு எச்சரிக்கை சொல்லிடறேன், ஏன்னா நானே ரெண்டு வாரம் இதுல ஏமாந்தேன். கரை மட்டம்னா நேர் எதிர்ல ஓடற ஓட்டம் மட்டும்தான்னு நெனச்சுடாதீங்க. வாடைக்காத்து கரைய ஒட்டி தெக்க வீசும்போது அதுவே மேல்தண்ணிய கரைக்கு தள்ளும். அதுக்கு மேல, ரொம்ப தூரத்து சங்கதியும் வருது. சித்திரை வைகாசியிலயும் ஐப்பசி கார்த்திகையிலயும் பூமத்திய ரேகையில ஒரு ஓட்டம் கிழக்க பாத்து சீறும், 1973ல விர்ட்கின்னு ஒரு கடலியல்காரர் எழுதினதால அவர் பேரே வெச்சுட்டாங்க. அது கிளப்பற அலை சுமத்ராவுல போய் முட்டி, கரைய எப்பவும் வலது கையில வெச்சுகினு பர்மா, வங்காளம் சுத்தி ஒரிசா ஆந்திரா வழியா நம்ம கரைக்கு வரும், கெல்வின் அலைனு பேரு. ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் போல நடக்கும், வரதுக்கு சில வாரம் ஆகும். கண்ணுக்கு தெரியற அலை இல்ல, கடலே மெதுவா வீங்கி அடங்கறது. மாசியில வாடை இன்னும் வீசிகினு இருக்கும்போதே நம்ம ஓட்டம் அதுக்கு எதிரா வடக்க திரும்பிடுது, ஏன்னு கேட்டா விரிகுடா நடுவுல வீசற காத்துலர்ந்து இந்த மாதிரி சுத்தி வர அலை வரைக்கும் பதில் நீளும். ஜெட்டியில உக்காந்து எதிர் கடல மட்டும் பாத்து தீர்ப்பு சொல்ல முடியாது.

அப்போ போர்டுல இருக்கிற "கடல் மட்டம்" எது? நம்ம நாட்டு லெவலுக்கு சுழியம் வெச்சது 1909ல, ஒன்பது துறைமுகத்து கேஜ வெச்சு, கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், மெட்ராஸ், விசாகப்பட்டினம், ஒரிசாவுல ஃபால்ஸ் பாயிண்ட். ஒன்பதுலயும் சராசரி கடல் சுழியம்னு புடிச்சு மொத்த வலையையும் அதுல மாட்டிட்டாங்க. வேடிக்கை இன்னான்னா, 1858லர்ந்து அந்த 1909 வரைக்கும் நெலத்து மேல லெவல் கொண்டு போனப்போவே தெரிஞ்சுடுச்சு, வங்காள விரிகுடா கரையில கடல் அரபிக்கடல் கரைய விட ஒசந்து நிக்குதுன்னு, உப்பு வித்தியாசம் அதுக்கு முக்கிய காரணம்னு பின்னாடி கோவாவுல காட்டினாங்க. ஒன்பது கடலும் ஒரே மட்டம் இல்ல, ஆனா சுழியம் ஒண்ணு. குத்தமா சொல்லல, வேற வழி இல்ல, எல்லாரும் ஒரே தப்ப பண்ணினா கட்டடம் நிக்கும். நான் மட்டும் தனியா ஒரு தப்பு பண்ணினேன், அதான் நின்னுச்சு பில்லு. சராசரி மட்டம்னா பத்தொம்பது வருஷம் பாக்கணும்னு படிச்சிருக்கேன், நெலா சுத்தற பாதையோட தள்ளாட்டம் ஒரு சுத்து முடிய 18.6 வருஷம் ஆகுது. அதுக்கு நான் நாலு நாள் குடுத்தேன், அதுவும் வருஷத்துலயே ரொம்ப எறங்கின சீசன்ல.

டிசம்பர்ல திரும்ப போனேன், இந்த தடவ ரோட்டோரமா ஆறு ஏழு கிலோமீட்டரும் நடந்து பென்ச் மார்க்குலர்ந்து லெவல் கொண்டாந்து, திரும்பவும் நடந்து மூடினேன். என் செவப்பு கோடு உண்மையான சுழியத்துக்கு கீழ அரை அடி கிட்ட இருந்துச்சு. நவம்பர் தண்ணி அந்த சுழியத்துக்கு மேல அரை அடி. ரெண்டும் சேர்ந்துதான் அந்த ஒரு அடி. கால்வா வாய்ல ஒரு பலகை கதவு வெச்சு, தளத்து ஓரத்த ஒரு வரிசை கல்லு ஒசத்தி முடிச்சோம், செலவு என் தலையில பாதி. இஞ்சினியர்கிட்ட ஓட்டம், வலது கை, மூணு லட்சத்துக்கு ஒண்ணு எல்லாம் பேப்பர்ல வரஞ்சு காமிச்சேன், பொறுமையா கேட்டுட்டு "எல்லாம் சரி, பென்ச் மார்க்குலர்ந்து ஏன் வரல"ன்னு கேட்டாரு. அதுக்கு பதில் இல்ல.

அடுத்த சித்திரையில மாமல்லபுரம் வரைக்கும் குடும்பத்தோட போனப்போ அப்படியே ஜெட்டிக்கும் ஒரு எட்டு போய் பாத்தேன். பெரியவர காணோம், கடலுக்கு போயிருந்தாரு போல. தண்ணி என் செவப்பு கோட்டுக்கு ஒரு வெரல் மேல கீழ ஆடிகினு இருந்துச்சு, கால்வாயில சொட்டு கடல் தண்ணி இல்ல. போட்டோ எடுத்து கான்ட்ராக்டர் அண்ணனுக்கு அனுப்பினேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. மீதி பில்லு இன்னும் வரல.